13 மணி நேரமும் ஒரு ஜோடி ஷூவும்

ஊருக்குப் போய் மூணு வாரம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு மெல்போர்ன் வந்து சேர்ந்தாச்சு. அக்கா கல்யாணக் கதையை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம். இன்னைக்குச் சொல்ல வந்தது, திரும்பி வர்ற வழியில சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல கிடைச்ச 13 மணி நேரத்தை நான் என்ன பண்ணினேன் என்பது. ஒரே வரியில சொன்னா, ஓடினேன். ஏர்போர்ட்டுக்கு வெளியே போய், சுளீர்னு அடிக்கிற வெயில்ல, 9 கிலோமீட்டர். அதுக்கப்புறம் வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதையும் சொல்றேன்.

திருச்சியில ராத்திரி ஏறினா விடியக்காலையில சாங்கி. மெல்போர்ன் விமானம் அன்னைக்கு ராத்திரி எட்டேகாலுக்கு. நடுவுல ஒரு முழுப் பகல். ஏன் இப்படி டிக்கெட் எடுத்தேன்னு கேக்காதீங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறவ கணக்குல காசுதான் முதல்ல குறையும், நேரம் அப்புறம்தான். ரெண்டு மணி நேரத்துல இணைப்பு விமானம் கிடைக்கிற டிக்கெட்டுக்கும் இதுக்கும் இருந்த வித்தியாசத்துல எனக்கு மூணு வாரம் மளிகை வாங்கலாம்.

சரி, ஓட்டம் எங்கேருந்து வந்துச்சு? ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஊர்ல இருந்தவரைக்கும் நான் ஓடினதா சரித்திரமே கிடையாது. ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு வயித்துவலி வர்ற கோஷ்டி நான். மெல்போர்ன் வந்து ரெண்டாவது செமஸ்டர்ல, குளிர்காலத்துல, அஞ்சு மணிக்கே இருட்டிடும். அறையில தனியா உக்காந்து லேப்டாப்பையே பாத்துக்கிட்டு, மூணு நாள் யார்கூடவும் வாய் திறந்து பேசாம இருந்திருக்கேன்னு ஒருநாள் உறைச்சது. அன்னைக்கு ஷூ மாட்டிக்கிட்டு வெளியே போனவதான். ஜிம்முக்குக் காசு இல்ல. ரோடு இலவசம். தாவரவியல் பூங்காவைச் சுத்தி 'தி டான்'னு ஒரு பாதை இருக்கு, ஒரு சுத்து 3.8 கிலோமீட்டர். முதல் நாள் பாதியிலேயே இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். நாலு மாசத்துல முழுசா ஒரு சுத்து. அப்புறம் சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு நடக்கிற பார்க்ரன், 5 கிலோமீட்டர், அதுவும் இலவசம். அந்தக் கூட்டத்துலதான் எனக்கு இந்த ஊர்ல நாலு பேர் பழக்கமே ஆனாங்க. அதனால ஓட்டம் எனக்கு உடம்பு இளைக்கிற சமாச்சாரம் இல்ல. (இளைக்கவும் இல்ல, அது வேற விஷயம்.) புத்தி தடம் புரளாம இருக்கிறதுக்கு ஓடுறேன்.

இதை வீட்ல சொன்னதில்ல. "நடக்கப் போறேன்மா"ன்னுதான் சொல்லி வச்சிருந்தேன்.

இப்போ ஊருக்கு வருவோம். எங்க ஊர் அறந்தாங்கி. போன ரெண்டாவது நாள், காலையில அஞ்சரைக்கு, வீட்ல எல்லாரும் தூங்கும்போது மெதுவா கதவைத் திறந்து வெளியே போனேன். தெருமுனை வரைக்கும் நடந்துட்டு ஓட ஆரம்பிச்சேன். மூணு நாய் கூடவே ஓடி வந்துச்சு. அதுங்களைக்கூட சமாளிச்சிருப்பேன். டிவிஎஸ் ஃபிஃப்டியில பால் கேனோட வந்த ஒரு மாமா வண்டியை நிறுத்தி, பதறிப்போய்க் கேட்டார்: "என்னம்மா ஆச்சு? வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா? ஏறு, ஆஸ்பத்திரியில விடுறேன்."

அவரைக் கிண்டல் பண்ண மனசு வரல. எங்க ஊர்ல ஒரு பொண்ணு ரோட்டுல ஓடினா ஏதோ கெட்டது நடந்திருக்குன்னுதான் அர்த்தம். நல்ல மனுஷன் உதவிதான் பண்ண வந்தார். நான் ஒண்ணும் இல்ல மாமான்னு சொல்லிட்டு வீட்டுக்கு நடந்து வந்துட்டேன். அதுக்குள்ள டீக்கடையில விஷயம் அப்பா காதுக்குப் போயிருந்தது. அப்பா ஒண்ணும் சொல்லல. சொல்ற வேலையை அவர் எப்பவும் அம்மாகிட்ட விட்டுருவார். அம்மா சொன்னாங்க: "கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருபது வீடு தள்ளி இருக்காங்க. நீ போன அப்புறம் எப்படி வேணும்னாலும் ஓடு."

அதனால மொட்டை மாடி. எங்க மாடியில அம்மா வெள்ளை பெயிண்ட்டால ஒரு பெரிய 8 வரைஞ்சு வச்சிருக்காங்க. சுகர் வந்ததுல இருந்து, அஞ்சு வருஷமா, தினமும் அரை மணி நேரம் அந்த எட்டு மேல நடை. உங்க அம்மாக்களும் பண்ணுவாங்கன்னு தெரியும். நான் அதே எட்டுல ஓடிப் பாத்தேன். நாலாவது சுத்துல தலை சுத்துச்சு, ஏழாவது சுத்துல கீழ்வீட்டு ஆச்சி மேல வந்து "என்னடி, மாவு இடிக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. அவ்வ்வ்வ். மூணு வாரத்துல என் ஓட்டம் அத்தோட சரி. ஷூவைத் தொடச்சு, கைப்பையில அடியில போட்டு வச்சேன்.

திரும்பற விமானத்துல அந்த ஷூ ஞாபகம் வந்துச்சு.

திருச்சி-சிங்கப்பூர் விமானத்துல போயிருக்கிறவங்களுக்குத் தெரியும், அது பாதி எங்க ஊர் டவுன் பஸ் மாதிரிதான் இருக்கும். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, மன்னார்குடின்னு வேலைக்குப் போற அண்ணன்களால நிறைஞ்சிருக்கும். என் பக்கத்து சீட்டுல ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும். மணமேல்குடி பக்கம்னார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து, ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பிப் போறார். கட்டட வேலை, 11 வருஷமா. நான் எங்க ஊர் பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி யார் வீட்டுப் பொண்ணுன்னு. அப்பாவோட கடையைச் சொன்னேன்.

"அட, உரக்கடைக்காரர் பொண்ணா நீ? எங்க தம்பி அங்கதானே யூரியா வாங்குறான்!"

அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

"மெல்போர்னுக்கு எப்போ தங்கச்சி அடுத்த ப்ளைட்டு?"

"ராத்திரி எட்டேகாலுக்கு அண்ணே."

"அது வரைக்கும் என்ன பண்ணுவ?"

வாய் சும்மா இருக்காதே. "வெளியே போய் ஒரு ஓட்டம் ஓடிட்டு வரலாம்னு பாக்குறேன் அண்ணே. ஏர்போர்ட்ல இருந்து கடற்கரை வரைக்கும் பாதை போட்டிருக்காங்களாம். டைனோசர் பொம்மையெல்லாம் வச்சிருக்காங்களாம்."

அவர் சிரிச்சார். "அந்த டைனோசரா? அது பக்கத்து ரோட்டுலதான் தினம் லாரியில போறோம். அஞ்சாவது டெர்மினல் வேலை நடக்குதுல்ல, அங்கதான். லாரி பின்னாடி உக்காந்து தலை மட்டும் பாத்திருக்கேன். இறங்கிப் பாத்ததில்ல." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஞாயித்துக்கிழமை தூங்கினாப் போதும்னு இருக்கும்" என்றார்.

அந்த அஞ்சாவது டெர்மினலுக்கு 2025 மே மாசம் பூமி பூஜை மாதிரி தொடக்க விழா நடத்தினாங்க. 2030களின் நடுவுல திறக்கும்போது வருஷத்துக்கு அஞ்சு கோடி பயணிகளைத் தாங்குற அளவுக்குக் கட்டுறாங்களாம். அது திறக்கிறப்போ இந்த அண்ணன் ஊரோட வந்து செட்டில் ஆகியிருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். அவர் தூங்கிட்டார்.

இப்போ உபயோகமான மேட்டர். நம்ம பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு லேயோவர்ல வெளியே போறதுன்னாலே ஒரு தனி வயித்தெரிச்சல். என்கூடப் படிக்கிற ஜெர்மன்காரன் எந்த ஏர்போர்ட்ல இறங்கினாலும் சும்மா காலாற நடந்துட்டு வருவான். நாம ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கினா பக்கத்துலயே பெரிய காடு இருக்கும், ஷெங்கன் விசா இல்லாம கண்ணாடி வழியா பாத்துக்கலாம், அவ்வளவுதான். சிங்கப்பூருக்கும் நமக்கு விசா வேணும். ஆனா ஒரு சந்து இருக்கு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து இதுல ஏதாவது ஒரு நாட்டோட செல்லுபடியாகிற விசா கையில இருந்து, 96 மணி நேரத்துக்குள்ள மூணாவது நாட்டுக்குக் கிளம்புற உறுதியான டிக்கெட்டும் இருந்தா, இந்தியர்களை விசா இல்லாம உள்ளே விடுற வசதி வச்சிருக்காங்க. விசாவுல குறைஞ்சது ஒரு மாசம் மிச்சம் இருக்கணும். போய் இறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள அவங்க அரைவல் கார்டை இணையத்துல நிரப்பணும், அதுக்குக் காசு கிடையாது. ஆஸ்திரேலியா விசா பாஸ்போர்ட்ல ஒட்ட மாட்டாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்லதான். அதனால விசா விவரத்தை பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். விடறதும் விடாததும் அந்த கவுண்டர்ல இருக்கிறவர் இஷ்டம். விதிமுறையை நீங்க போறப்போ ஒருதடவை சரிபார்த்துக்குங்க.

கவுண்டர்ல இருந்த அம்மா பிரிண்ட்டையும் டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"எதுக்கு வெளியே போறீங்க?"

"ஓடறதுக்கு."

நிமிர்ந்து பாத்தாங்க. கீழே குனிஞ்சு என் காலைப் பாத்தாங்க. ஷூ மாட்டியிருந்தேன். முத்திரை எல்லாம் கிடையாது, கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. "வெயில் அதிகம், தண்ணி குடிங்க" என்றார்கள். எங்கே போனாலும் அம்மாக்கள்.

பெரிய பெட்டி நேரா மெல்போர்னுக்குப் போட்டாச்சு. கைப்பையைப் பெட்டி பாதுகாக்கிற கவுண்டர்ல குடுத்துட்டு, பாஸ்போர்ட், போன், கொஞ்சம் சில்லறை இதை மட்டும் இடுப்புப் பையில போட்டுக்கிட்டேன். முதல் டெர்மினல்ல இருந்து ஜூவல் வழியா ரெண்டாவது டெர்மினலுக்கு நடந்தேன். 2019ல திறந்த அந்த ஜூவலுக்குள்ள 40 மீட்டர் உயரத்துல இருந்து விழற அருவி, கட்டடத்துக்குள்ள இருக்கிற அருவிகள்ல உலகத்துலயே உயரமானது. நான் போனப்போ மணி ஏழே முக்கால், அருவியை இன்னும் திறக்கல. தண்ணி இல்லாத குற்றாலம் மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவது டெர்மினலை ஒட்டி 'ஹப் அண்ட் ஸ்போக்'னு ஒரு சாப்பாட்டுக் கடை, சைக்கிள் வாடகை, காசு கட்டிக் குளிக்கிற இடம் எல்லாம் சேர்ந்து இருக்கு. ஏர்போர்ட்ல ஓடணும்னு ஆசைப்படறவங்களுக்கு முக்கியமான தடையே ஓடின பிறகு என்ன பண்றது என்பதுதான். வேர்வை நாத்தத்தோட ஏழரை மணி நேர விமானத்துல நடு சீட்டுல உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க சாபம் சும்மா விடாது. அந்தப் பிரச்சினைக்கு இங்க தீர்வு வச்சிருக்காங்க. அங்கேயிருந்து நாலாவது டெர்மினல் பக்கமா போய், ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வரைக்கும் போற பாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர். 2020 அக்டோபர்ல திறந்தது. நடக்கிறவங்களுக்குத் தனியா, சைக்கிளுக்குத் தனியா கோடு போட்டிருக்கு.

ஓட ஆரம்பிச்ச முதல் அஞ்சு நிமிஷம் நரகம். காரணம் இருக்கு. விமானத்துக்குள்ள காத்தழுத்தத்தை 1800ல இருந்து 2400 மீட்டர் உயர மலையில இருக்கிற அளவுக்குத்தான் வைப்பாங்க. ஊட்டி 2240 மீட்டர். அதாவது நாலு மணி நேரம் ஊட்டியில, குளிக்காம, கால் நீட்ட இடமில்லாம உக்காந்திருந்த கணக்கு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, தொண்டையெல்லாம் காஞ்சு போயிருக்கும். அதுலேருந்து நேரா காலை நேர ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுற ஊருக்குள்ள கால் வைக்கிறோம். வேர்வை வரும், காயாது. காஞ்சாத்தானே உடம்பு குளிரும்? அதனால மெல்போர்ன்ல ஓடுற வேகத்தை இங்க நினைச்சுக்கூடப் பாக்கக்கூடாது. நான் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல குறைச்சுக்கிட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிச்சேன், கையில ஒரு பாட்டில்.

ஆனா உக்காந்தே கிடக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வு அறிக்கை ஒண்ணு இருக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்றவங்களுக்கு ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறையற அபாயம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுதுன்னு அதுல சொல்லியிருந்தாங்க. விமானம் மட்டும் இல்ல, பஸ், ரயில், கார் எல்லாத்துக்கும் இதே கதைதான். பயப்பட வேண்டாம், மொத்தத்துல 6000 பேர்ல ஒருத்தருக்கு வர்ற விஷயம்தான். அதுக்காக ஓடணும்னு கூட அவசியம் இல்ல, அப்பப்போ எழுந்து நடந்தாலே போதும். நான் ஓடினதுக்கு ஆரோக்கியம் காரணம்னு பொய் சொல்ல மாட்டேன். மூணு வாரமா கைப்பைக்குள்ள கிடந்த ஷூதான் காரணம்.

நாலாவது டெர்மினலைத் தாண்டினதும் டைனோசர்கள் வந்துடுச்சு. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இருபதுக்கும் மேல, நிஜ அளவுலேயே. ஒண்ணு கழுத்தை நீட்டிக்கிட்டு மரத்துக்கு மேல பாக்குது. பாதைக்கு இந்தப் பக்கம் டைனோசர், அந்தப் பக்கம் ரோடு, தலைக்கு மேல விமானம் சக்கரத்தை மடிச்சுக்கிட்டு ஏறுது. ஞாயித்துக்கிழமைங்கிறதால குடும்பம் குடும்பமா சைக்கிள். ஒரு சின்னப் பையன் பெரிய டைனோசரைப் பாத்துட்டு அப்பா காலைக் கட்டிக்கிட்டு அழுதுகிட்டிருந்தான். நான் ரோட்டுப் பக்கம் பாத்தேன். ஒரு லாரி போச்சு. பின்னாடி யாரும் இல்ல, ஞாயித்துக்கிழமை. அண்ணன் சொன்ன ரோடு இதுவாத்தான் இருக்கணும். டைனோசர் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அவர் நம்பரை வாங்காம விட்டுட்டோமேன்னு இருந்துச்சு.

கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு வேலியில மஞ்சள் பலகை. ஆங்கிலம், சீனம், மலாய், நாலாவதா தமிழ்ல 'அபாயம்'. சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, எல்லாருக்கும் தெரிஞ்ச பெருமைதான். ஆனா கட்டடம் கட்டுற இடத்துல அந்தத் தமிழை யார் படிக்கணும்னு எழுதி வச்சிருக்காங்கன்னு யோசிச்சா, பக்கத்து சீட்டுல தூங்கின முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

மூன்றரை கிலோமீட்டர் முடிஞ்சு கடல் தெரிஞ்சது. கடல்னா நம்ம மணமேல்குடி கடல் மாதிரி சாதுவான கடல். அலையே கிடையாது. அடிவானம் முழுக்க கப்பல்கள் நங்கூரம் போட்டு நிக்குது, எண்ணினேன், நாப்பதுக்கு மேல போய் விட்டுட்டேன். உலகத்துலயே கப்பல்களுக்கு அதிகமா எரிபொருள் நிரப்பற துறைமுகம் சிங்கப்பூர். நிரப்பறதுக்கும், சரக்கு ஏத்தறதுக்கும், அடுத்த உத்தரவு வர்றதுக்கும் காத்துக்கிட்டு நிக்கிற கப்பல்கள் இதெல்லாம். அதுங்களுக்கும் லேயோவர்தான், என்னுது 13 மணி நேரம், அதுங்களுது நாள் கணக்குல.

இந்த ஈஸ்ட் கோஸ்ட் பார்க் இருக்கிற இடமே முன்னாடி கடல்தான். 1966ல இருந்து மண்ணைக் கொட்டி மேடாக்கின நிலம். சாங்கி ஏர்போர்ட்டோட பெரும் பகுதியும் அப்படித்தான், கடலை மேடாக்கி 1981ல திறந்தது.

கரையை ஒட்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினேன். வயசான சீனப் பாட்டிகள் கும்பலா கையை வீசிக்கிட்டு நடக்கறாங்க. ஒரு மலாய்ப் பொண்ணு தலையில முக்காடோட என்னைத் தாண்டி ஓடினா, தாண்டும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போனா. யாரும் வண்டியை நிறுத்தல. யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேக்கல. சொன்னா நம்புவீங்களா தெரியல, அந்த இடத்துல எனக்கு அழுகை வந்துடுச்சு. சோகம் எல்லாம் இல்ல. மூணு வாரமா எங்க வீட்டு மாடியில நான் சுத்தினதும், அஞ்சு வருஷமா எங்க அம்மா சுத்துறதும் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. அவங்களுக்கு நேரா போற பாதையே யாரும் குடுக்கலை. எட்டு போட்டா போன இடத்துக்கே திரும்பி வந்துடலாம், தெருவுக்குப் போக வேண்டாம். அதுக்காகத்தான் அந்த எட்டு.

வேர்வையோட வேர்வையா தொடச்சுக்கிட்டுத் திரும்பினேன். மொத்தம் 9 கிலோமீட்டர். ரெண்டு தடவை நின்னதையும் சேர்த்து ஒரு மணி இருபது நிமிஷம். கடைசி ஒரு கிலோமீட்டர் நடைதான், ஓட்டம்னு சொன்னா ஷூவே சிரிக்கும்.

குளிச்சுட்டு, துணி மாத்திக்கிட்டு, ஏர்போர்ட்டுக்குள்ள வந்து வைஃபையை இணைச்சேன். போன் நடுங்க ஆரம்பிச்சது. வாட்ஸப்ல அம்மா 7 மிஸ்டு கால். அப்பா 2. அப்பா எனக்கு போன் பண்ணினதே வருஷத்துல ரெண்டு தடவைதான். கை கால் சில்லிட்டுப் போச்சு. யாருக்கோ என்னவோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு கூப்பிட்டேன். பால்கார மாமா நினைச்ச மாதிரியே!

"எங்கடி இருக்க?"

"ஏர்போர்ட்லதான்மா. என்னாச்சு?"

"ஓடினியாமே?"

நடந்தது இதுதான். நம்ம மணமேல்குடி அண்ணன் இறங்கினதும் வந்து சேர்ந்துட்டேன்னு தம்பிக்கு போன் பண்ணியிருக்கார். கூடவே, உரக்கடைக்காரர் பொண்ணு பக்கத்துல உக்காந்து வந்துச்சு, தங்கமான புள்ள, ஏர்போர்ட்ல இருந்து கடற்கரைக்கு ஓடப் போகுதாம்னு பெருமையா சொல்லியிருக்கார். தம்பி காலையில உரம் வாங்கக் கடைக்கு வந்திருக்கான். நான் டைனோசரைத் தாண்டறதுக்குள்ள செய்தி அறந்தாங்கி கடைத்தெருவைத் தாண்டிடுச்சு. என்னை விட நல்ல வேகம்.

அம்மா வரிசையாக் கேட்டாங்க. தனியாவா? ஆமா. தெரியாத ஊர்லயா? ஆமா. என்ன போட்டுக்கிட்டு? ட்ராக் பேண்ட்டும் டீ ஷர்ட்டும். அங்க போலீஸ் புடிச்சா? புடிக்க மாட்டாங்கம்மா, சொல்லிட்டுத்தான் போனேன். ப்ளைட் போயிருந்தா? இன்னும் பத்து மணி நேரம் இருக்கும்மா. மெல்போர்ன்லயும் இதைத்தான் பண்றியா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. "ஆமாம்மா. ஒன்றரை வருஷமா. நடக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் ஓட்டம்தான்." ஏன் ஆரம்பிச்சேன்னும் சொன்னேன். குளிர்காலத்தை, அந்த மூணு நாளை. அதையும் அதுவரைக்கும் சொன்னதில்ல.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"எவ்வளவு தூரம்?"

"ஒன்பது கிலோமீட்டர்மா."

"பெரியம்மா வீடு வரைக்கும் இருக்குமா?"

"அதைத் தாண்டியும் இருக்கும்."

"ம்." கொஞ்சம் கழிச்சு, "சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"முதல்ல சாப்பிடு. காலு ரெண்டையும் நீட்டி வச்சுக்கோ." வச்சுருவாங்கன்னு நினைச்சேன். வைக்கல. "எட்டு போடறப்போ எனக்கும் சில நாள் தோணும்டி. நேரா ஒரு அம்பது அடி வேகமா போனா என்னன்னு. போயிடுவேன், டேங்க் வந்துடும்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எதையாவது சொல்லி அதைக் கெடுத்துடக் கூடாதேன்னு சும்மா இருந்தேன். அம்மாவே பேச்சை மாத்தினாங்க. அக்கா மறுவீட்டுக்கு வந்தது, மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாதது, இப்படியே பத்து நிமிஷம்.

அப்புறம் அருவியைத் திறந்ததும் போய் எதிர்ல உக்காந்து இட்லி சாப்பிட்டேன். (ஊர்ல இருந்து கட்டிக் குடுத்த மிளகாய்ப்பொடி இட்லிதான். சாங்கியில ஒரு காசு செலவில்ல.) மீதி நேரம் தூங்கினேன். மூணாவது டெர்மினல் பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பாத்தேன். ராத்திரி விமானத்துல ஏறினதும் தூங்கினவ, மெல்போர்ன்ல சக்கரம் தரையில மோதினப்போதான் கண்ணைத் திறந்தேன். ஏழரை மணி நேரம். என் வாழ்நாள்ல விமானத்துல அப்படித் தூங்கினதே கிடையாது.

இந்த மாதிரி ஆசை இருக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. வெளியே போக நேரம் எவ்வளவு வேணும்னா, என் கணக்குல ஏழு மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா போகாதீங்க, மனசு முழுக்க கடிகாரத்துல இருக்கும். அமெரிக்காவுல இருக்கிறவங்க பால்டிமோர் பக்கம் போனா அந்த ஏர்போர்ட்டையே சுத்தி 20 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கு. வெளியே விடாத ஊர்னா சான் பிரான்சிஸ்கோ மாதிரி யோகா அறை இருக்கான்னு பாருங்க. தோஹாவுல காசு கட்டினா ஏர்போர்ட்டுக்குள்ளேயே நீச்சல் குளம். எதுவுமே இல்லைன்னா இந்தக் கேட்டுக்கும் அந்தக் கேட்டுக்கும் நடங்க. ஷூவை மட்டும் பெரிய பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க.

பி.கு: நேத்து அம்மா போன் பண்ணினாங்க. டிசம்பர்ல என் பட்டமளிப்பு விழாவுக்கு வர்றாங்க, விசா போட்டிருக்கு. டிக்கெட் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். சீக்கிரம் இணைகிற விமானமா பாத்து எடுக்கிறேன்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும்னேன்.

"எதுக்குக் காசைக் கொட்டுற? நீ வந்த மாதிரியே எடு" என்றார்கள். அப்புறம் சாதாரணமா கேக்கற மாதிரி, "அந்த விசா இருந்தா என்னையும் வெளியே விடுவாங்களா?"

விடுவாங்கம்மா. 96 மணி நேரம் வரைக்கும்.

"அவ்வளவெல்லாம் வேண்டாம். அந்தக் கடல் வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும். எனக்கு ஷூ சைஸ் என்னன்னு தெரியல, செருப்பை அளந்து சொல்றேன்."

நேத்து ராத்திரி அளவு வந்துடுச்சு. ஷூ வாங்கப் போறேன் :-)